எனக்கு ஏதுடா நிறுவனம்?

சித்தப்பா ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று 9 வருடம் ஆகிறது. அவர் வீட்டுக் கணினியில் உலாவியின் மூன்று புள்ளி மெனுவைத் திறந்தேன். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இந்த உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது. சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு ஏதுடா நிறுவனம்? மாசம் பென்ஷன் வருது, அவ்வளவுதான்."

அலுவலகக் கணினியில் அந்த வரி இருந்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஊழியர்கள் எந்த உலாவியில் என்ன செய்யலாம், எந்தத் தேடுபொறி திறக்க வேண்டும் என்பதையெல்லாம் நிர்வாகம் ஒரே இடத்திலிருந்து கட்டளையிட விண்டோஸில் வசதி உண்டு. வீட்டுக் கணினியில் அது தெரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். நாமே போட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருள் ஏதாவது அந்த வசதியைப் பயன்படுத்தியிருக்கலாம். இல்லையென்றால், யாரோ நமக்குத் தெரியாமல் நம்மை ஊழியராகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள்.

சித்தப்பா விஷயத்தில் நடந்தது இரண்டாவது. கதை வேடிக்கையானது. நாம் தேடுவதையெல்லாம் பெரிய நிறுவனங்கள் குறித்து வைத்துக்கொள்கின்றன என்று எங்கேயோ படித்திருக்கிறார். கண்காணிக்காத தேடுபொறி எது என்று, அதே பெரிய தேடுபொறியிடமே கேட்டிருக்கிறார். மேலே முதலில் வந்தது விளம்பரம். அதைத் தட்டியதும், "அந்தரங்கமாகத் தேட இதை நிறுவுங்கள்" என்று ஒரு பச்சைப் பொத்தான். அழுத்திவிட்டார். ஒருவர் பார்ப்பதிலிருந்து தப்பிக்கப் போனவரை இப்போது மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். தேடுபொறி என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். அதை நிறுவ வேண்டியதில்லை. உலாவியின் அமைப்புகளில் தேடுபொறி என்ற பகுதிக்குப் போனால், ஒவ்வொரு தேடுபொறிக்கும் எதிரில் ஒரு நீண்ட முகவரி இருக்கும். அதன் நடுவில் சதவீதக் குறியும் ஓர் எழுத்தும் சேர்ந்த ஒரு காலியிடம். நாம் தட்டச்சும் சொல் அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. முழு முகவரியும் திறக்கிறது. தேடுபொறியை மாற்றுவது என்றால் அந்த ஒற்றை வரியை மாற்றுவது. அதற்கு ஒரு மென்பொருளோ உலாவியோடு ஒட்டும் நீட்சியோ தேவை என்று எவராவது சொன்னால், தபால் முகவரி மாற்றுவதற்கு வீட்டுச் சாவியைக் கேட்கிறார் என்று அர்த்தம்.

சாவி என்றது மிகையில்லை. நீட்சியை நிறுவும்போது ஒரு சிறு பெட்டி தோன்றி அனுமதி கேட்கும். எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தரவுகளைப் படிக்கவும் மாற்றவும் அனுமதிப்பீர்களா என்பது அதன் சாரம். நாம் சரி என்று சொல்லிவிட்டால், வங்கித் தளத்தில் மீதியைப் பார்ப்பதும் மருத்துவமனைத் தளத்தில் ரத்தப் பரிசோதனை முடிவைத் திறப்பதும் அந்த நீட்சியின் கண்முன்னே நடக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டு ஒரு வாத்தியாரின் தேடல் பெட்டியைக் கைப்பற்றுவதில் யாருக்கு என்ன லாபம்? கிரெடிட் கார்டு எண்ணைத் திருடினாலாவது புரிகிறது. அவர் தேடுவதோ பட்டா நகல் எடுப்பது எப்படி, மூட்டு வலிக்கு எந்தத் தைலம், ராமேஸ்வரம் ரயில் எத்தனை மணிக்கு. இவைதான்.

ஆனால் காசு அங்கேதான் இருக்கிறது. தொலைக்காட்சியில் தைல விளம்பரம் போடுகிறவருக்கு, பார்ப்பவருக்கு வலி இருக்கிறதா என்று தெரியாது. தேடல் பெட்டியில் தைலம் என்று எழுதுகிறவர் தன் வாயாலேயே வலி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறார். 1998இல் அமெரிக்கத் தொழில்முனைவர் பில் கிராஸ், கோட்டூ என்ற தேடுதளத்தில் இதை ஏலத்துக்கு விட்டார். ஒரு சொல்லுக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்கள் மேலே. ஒவ்வொரு தட்டலுக்கும் காசு. அதே 1998இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான செர்கே பிரின், லாரி பேஜ் இருவரும் தங்கள் தேடுபொறியின் அமைப்பை விளக்கி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். அதன் பின்னிணைப்பில், விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் தேடுபொறி இயல்பாகவே விளம்பரதாரர் பக்கம் சாயும் என்ற எச்சரிக்கை இருக்கிறது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் நடத்திய கூகுள் தன் விளம்பரச் சேவையைத் தொடங்கியது. அந்தப் பின்னிணைப்பை இன்றும் இணையத்தில் எடுத்துப் படிக்கலாம். அழித்துவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதற்காகவாவது பாராட்டத்தான் வேண்டும்.

அந்தப் பெட்டியின் விலை என்ன என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளியே வந்தது. உலாவிகளிலும் கைப்பேசிகளிலும் தன் தேடுபொறியே இயல்பாக இருக்க வேண்டும் என்பதற்காக, 2021ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் பிறருக்குக் கொடுத்த தொகை 2,630 கோடி டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி ரூபாய். 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடல் துறையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார்.

பெரிய கடைக்காரர் வாசலுக்கு வாடகை கொடுத்து வாங்கும்போது, சின்னக் களவாணி என்ன செய்வான்? வாசலையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போவான். தேடல்களைத் திசைதிருப்பி அனுப்பும் கூட்டாளிகளுக்கு விளம்பர வருமானத்தில் பங்கு உண்டு. ஒவ்வொரு கூட்டாளிக்கும் ஓர் அடையாளக் குறியீடு. நம் தேடலை ஒரு விநாடிக்கும் குறைவான நேரம் தன் வழியே இழுத்து, தன் குறியீட்டை ஒட்டி, மறுபடி விட்டுவிட்டால் போதும். ஒரு தேடலுக்குக் கிடைப்பது சில்லறை. லட்சக்கணக்கான கணினிகளிலிருந்து வந்தால் அதுவே மூட்டை.

2003இல் பரவிய கூல்வெப்சர்ச் இந்த வகையின் பழைய தலைகளில் ஒன்று. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்து ஓட்டைகள் வழியே நுழைந்து, முகப்புப் பக்கத்தையும் தேடுபொறியையும் மாற்றிவிடும். நீக்கினால் திரும்பி வரும். வாரத்துக்கொரு புது வடிவம் எடுக்கும். அதைத் துரத்துவதற்கென்றே நெதர்லாந்து மாணவர் மெரைன் பெலெகோம் ஒரு சிறு கருவி எழுதி இலவசமாகக் கொடுத்தார். அவருடைய இன்னொரு கருவியான ஹைஜாக்திஸ், கணினியில் எங்கெங்கே எதெது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வரிவரியாகப் பட்டியல் போடும். அந்தக் காலத்தில் கணினி பழுது பார்த்தவர்களைக் கேட்டால் அந்தப் பட்டியலை இன்றும் கனவில் காண்பதாகச் சொல்வார்கள்.

நம் ஊருக்கு நெருக்கமான கதை 2017இல் வந்தது. செக்பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம், ஃபயர்பால் என்று பெயரிட்டு ஓர் உளவுநிரலைப் பற்றி ஜூன் மாதம் அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ஒரு விளம்பர நிறுவனம் தன் இலவச மென்பொருள்களோடு ஒட்டி அனுப்பியது இது. உலகம் முழுக்க 25 கோடி கணினிகளில் புகுந்திருக்கலாம், அதில் இந்தியாவில் மட்டும் 2.5 கோடிக்கும் மேல், நாடுகளில் முதலிடம் என்றது அந்த அறிக்கை. எண்ணிக்கை மிகைப்படுத்தப்பட்டது என்று மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கை எதுவானாலும் அது வேலை செய்த விதம் கவனிக்கத்தக்கது. உலாவியின் தேடுபொறியை ஒரு போலித் தேடுபொறியாக மாற்றியது. அந்தப் போலி எதையும் தேடாது. கேள்வியை வாங்கி யாஹூவுக்கோ கூகுளுக்கோ தள்ளிவிட்டது. போகிற போக்கில், யார் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்ளும் கண்காணிப்புப் புள்ளிகளைப் பதித்தது. பயனருக்குச் சரியான விடை வந்துவிட்டது. பிறகு எதற்குச் சந்தேகம் வரும்?

ஆகவே "விடை சரியாகத்தானே வருகிறது" என்பது ஒரு சோதனையே அல்ல. தேடிய சொல்லைத் தட்டியவுடன் முகவரிப் பட்டையைக் கவனியுங்கள். கண் இமைக்கும் நேரத்தில் அறிமுகமில்லாத ஒரு பெயர் மின்னி மறைந்தால், நடுவில் ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

நடுவில் என்றேன். ஒரு தேடல் யார் யார் கண்ணில் படுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மாற்றுத் தேடுபொறி, உளவுநிரல் என்ற இரண்டு பேச்சும் இங்கே குழம்பிப்போகின்றன.

கடிதம் எழுதுவதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் ஆள் ஒருவர். வழியில் தபால்காரர் ஒருவர். கடிதத்தைப் பெறுகிறவர் ஒருவர். கணினியில் தோளுக்கு மேல் பார்ப்பது உளவுநிரல். தபால்காரர், நமக்கு இணைய இணைப்பு தரும் நிறுவனம். பெறுகிறவர் தேடுபொறி. ஒருவரைச் சமாளித்தால் மற்றவர் போய்விடமாட்டார்.

தபால்காரர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் தேடல்கள் அஞ்சலட்டை மாதிரிதான் போயின. வழியில் இருக்கும் எவரும் படிக்கலாம். 2011 அக்டோபரில் கணக்கில் நுழைந்து தேடுவோருக்கு மறையாக்கத்தை கூகுள் இயல்பாக்கத் தொடங்கியது. இன்று எந்தத் தேடுபொறியும் ஒட்டிய இன்லேண்ட் லெட்டராகத்தான் அனுப்புகிறது. யாருக்குக் கடிதம் போகிறது என்பது தபால்காரருக்குத் தெரியும். உள்ளே என்ன என்று தெரியாது.

ஆனால் வீட்டுக்குள்ளேயே உறையைப் பிரிக்கும் ஆள் இருந்தால்? 2015 பிப்ரவரியில் லெனோவோவின் சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற நிரல் வாங்கும்போதே இருந்தது அம்பலமானது. தேடல் முடிவுப் பக்கங்களுக்குள் பொருள்களின் படங்களை விளம்பரமாகச் செருகுவது அதன் வேலை. மறையாக்கம் அதற்கு இடைஞ்சலாக இருந்ததால், விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் தன்னுடைய சான்றிதழ் ஒன்றைச் சேர்த்துக்கொண்டது. அதாவது, எல்லாக் கடிதத்தையும் பிரித்துப் படித்துவிட்டுத் தன் முத்திரையைக் குத்தி மறுபடி ஒட்டியது. உலாவியோ பூட்டுச் சின்னத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. கேடு அதோடு நிற்கவில்லை. எல்லா மடிக்கணினிகளிலும் ஒரே ரகசியச் சாவி. ராபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு வல்லுநர் கொஞ்ச நேரத்திலேயே அதன் கடவுச்சொல்லை உடைத்துவிட்டார். அந்த மென்பொருளுக்குக் கருவி செய்து கொடுத்த நிறுவனத்தின் பெயரே கடவுச்சொல். வீட்டுக்குள் உளவாளி இருக்கும்வரை, எவ்வளவு யோக்கியமான தேடுபொறிக்கு மாறினாலும் பயனில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி, கடிதத்தைப் பெறுகிறவர். 2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, சுமார் 6.5 லட்சம் பயனர்களின் 3 மாதத் தேடல்கள் 2 கோடியை இணையத்தில் போட்டது. பெயர்களை எடுத்துவிட்டு எண்கள் கொடுத்திருந்தார்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் ஓர் எண்ணின் தேடல்களை மட்டும் வரிசையாகப் படித்து, அவற்றிலிருந்த ஊர்ப் பெயரையும் குடும்பப் பெயரையும் பின்தொடர்ந்து, அந்த எண்ணுக்குரியவரின் வீட்டுக்கே போய்விட்டார்கள். தேடியவர் தன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. தன் உடம்பு, தன் நாய், தன் தெரு என்று கேட்டிருந்தார். அது போதுமானதாக இருந்தது. ஏஓஎல் கோப்பை நீக்குவதற்குள் அது பல இடங்களுக்குப் பிரதியாகிவிட்டது.

உலாவியில் மறைவு முறை என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பார்கள். அது வீட்டில் உள்ளவர்களிடமிருந்து மறைக்கும், தேடுபொறியிடமிருந்து அல்ல. இதைப் பற்றி கூகுள் மீது 2020இல் தொடுக்கப்பட்ட வழக்கு, 2024இல் பெருமளவு பதிவுகளை அழிக்கச் சம்மதித்த சமரசத்தில் முடிந்தது.

அப்படியானால் எதற்கு மாறுவது? இங்கே ஒரு சிறு தொழில்நுட்ப விஷயம் தெரிந்தால், விளம்பர வாசகங்களில் மயங்காமல் இருக்கலாம். சங்க இலக்கியத்துக்குச் சொல்லடைவு தொகுத்திருக்கிறார்கள். ஒரு சொல் எந்தெந்தப் பாடலில், எந்தெந்த அடியில் வருகிறது என்ற பட்டியல். தேடுபொறியின் உள்ளே இருப்பதும் அதுவேதான்: இணையம் முழுவதற்கும் ஒரு சொல்லடைவு. நாம் தேடும்போது தேடுபொறி இணையத்தில் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே தொகுத்து வைத்த சொல்லடைவைப் புரட்டுகிறது. கோடானுகோடிப் பக்கங்களை இடைவிடாமல் படித்து அந்தச் சொல்லடைவைப் புதுப்பிப்பதற்கு ஆகும் செலவு மலைக்க வைப்பது. எனவே கடைகள் நிறைய, கிடங்குகள் குறைவு.

கூகுளிடம் சொந்தக் கிடங்கு இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் பிங்கிடம் இருக்கிறது. ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு இரண்டிடமும் உண்டு. மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை இவர்களிடம் சரக்கு எடுத்து விற்பவை. 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோவின் வழக்கமான முடிவுகள் பெரும்பாலும் பிங்கிலிருந்து வருபவை. மரம் நடுவதற்காகப் பெயர் பெற்ற பெர்லினின் இகோசியாவும் பிரான்சின் குவான்ட்டும் நெடுங்காலம் பிங்கை நம்பியே இருந்தன. 2024 மே 23 அன்று பிங்கின் பின்புலம் படுத்துக்கொண்டபோது டக்டக்கோ, இகோசியா, குவான்ட் எல்லாம் சேர்ந்து விழுந்தன. மாற்றுக்கு மாற்று என்று வைத்திருந்தவர்கள் அன்றைக்குத்தான் கிடங்கு ஒன்றே என்று புரிந்துகொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் இகோசியாவும் குவான்ட்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கென ஒரு சொல்லடைவை உருவாக்கக் கூட்டு நிறுவனம் அறிவித்தன. 2025 ஆகஸ்டில் பிங் தன் முடிவுகளைச் சிறு நிறுவனங்களுக்கு விற்றுவந்த பொதுவான வாசலை மூடிவிட்டது. இகோசியா, குவான்ட் கூட்டு முன்கூட்டியே அமைந்தது புத்திசாலித்தனமாகத்தான் போயிற்று.

கிடங்கு வேறொருவருடையது என்பதால் அந்தக் கடைகள் மோசம் என்று சொல்லவரவில்லை. அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, நடுவில் நிற்பதே அவற்றின் சேவை. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் நம் கேள்வியை வாங்கி, நம் ஐபி எண்ணைக் கழற்றிவிட்டு, தன் பெயரில் கூகுளிடம் கேட்டுச் சொல்கிறது. ஃபயர்பாலும் நடுவில்தான் நின்றது. ஸ்டார்ட்பேஜும் நடுவில்தான் நிற்கிறது. முன்னது நம் மீது குறியை ஒட்டியது. பின்னது குறியைக் கிழிப்பதாக வாக்குக் கொடுக்கிறது. வாக்கு என்பதை அடிக்கோடிட வேண்டும். அவர்களுடைய கணினிகளுக்குள் நாம் போய்ப் பார்க்க முடியாது.

வாக்கின் ஓரங்களில் விலக்குகளும் இருக்கும். டக்டக்கோவின் கைப்பேசி உலாவி மற்ற நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்களைத் தடுத்தபோதும், ஒப்பந்தம் காரணமாக மைக்ரோசாஃப்டின் சிலவற்றை விட்டுவைத்தது 2022 மே மாதம் வெளிப்பட்டது. விமர்சனம் எழுந்ததும் ஆகஸ்டில் திருத்திக்கொண்டார்கள். இது தேடுபொறியைப் பற்றியதல்ல, உலாவியைப் பற்றியது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். தேடுபொறியில் வரும் விளம்பரத்தைத் தட்டினால் அந்தத் தட்டல் மைக்ரோசாஃப்டின் வழியாகப் போகும். கணக்கு வைக்க அது நம் ஐபி எண்ணைப் பார்க்கும். இதை டக்டக்கோவே எழுதி வைத்திருக்கிறது. எழுதி வைத்திருப்பதைப் படிப்பதுதான் நமக்குப் பழக்கமில்லை.

சொந்தக் கிடங்கு வேண்டுமென்றால் இரண்டு பெயர் சொல்லலாம். பிரிட்டனின் மோஜீக் 2004 முதல் தன் சொல்லடைவைத் தானே கட்டிவருகிறது. பிரேவ் 2021இல் டெயில்கேட் என்ற தேடல் தொழில்நுட்பத்தை வாங்கி, அந்த ஆண்டு ஜூனில் தன் தேடுபொறியைத் திறந்தது. விளம்பரமே வேண்டாம், மாதச் சந்தா தருகிறேன் என்பவர்களுக்கு காகி இருக்கிறது. தேடுவதற்குக் காசா என்று சித்தப்பா ஒரே சொல்லில் அதைத் தள்ளிவிட்டார்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு ஒன்றிரண்டு வடிவம். நமக்கோ கீழடி, கீழடியில், கீழடியிலிருந்து, கீழடிக்கும், கீழடியைப் என்று வால் நீண்டுகொண்டே போகும். அந்தக் கடைசி ஒற்றுகூட எழுத்து மாற்றம்தான். வேர்ச்சொல்லைப் பிரித்தறியாத சொல்லடைவுக்கு இவை ஐந்தும் ஐந்து வேறு சொற்கள். போதாததற்கு, யூனிகோடு பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் ஏற்றப்பட்ட பழைய பக்கங்கள் தேடுபொறியின் கண்ணுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். நான் அவ்வப்போது போட்டுப் பார்த்ததில், சிறிய சொந்தக் கிடங்குகள் தமிழ்க் கேள்விக்குத் திணறுகின்றன. ஆங்கிலத்தில் தேடுவதற்கு பிரேவோ டக்டக்கோவோ எனக்குப் போதும். தமிழுக்கு ஸ்டார்ட்பேஜ் வைத்திருக்கிறேன். அதுவும் போதாத நாளில் கணக்கில் நுழையாமல் கூகுளுக்கே போகிறேன். இதில் வைராக்கியம் காட்டி என்ன ஆகப்போகிறது?

மறுபடி சித்தப்பாவின் மேசைக்கு. நீட்சிகள் பக்கத்தைத் திறந்தேன். அந்தப் பச்சைப் பொத்தான்காரர் அங்கே இருந்தார். நீக்கும் பொத்தான் மட்டும் இல்லை. உங்கள் நிர்வாகி நிறுவியது என்று எழுதியிருந்தது. குரோம் உலாவியானால் முகவரிப் பட்டையில் குரோம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, பாலிசி என்று சேர்த்தால் நிர்வாகக் கட்டளைகள் எல்லாம் தெரியும். வீட்டுக் கணினியில் அந்தப் பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்க வேண்டும். அவருடையதில் இரண்டு வரி இருந்தது: இந்த நீட்சியைக் கட்டாயம் நிறுவு, இந்தத் தேடுபொறியை மாற்றவிடாதே. விண்டோஸ் பதிவேட்டில் இருந்து அந்த வரிகளை எடுத்தேன். பழக்கமில்லாதவர்கள் பதிவேட்டில் கை வைக்காமல் தெரிந்தவரைக் கூப்பிடுவதே மேல்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "டேய், அது திரும்ப வந்துடுச்சு."

எதிர்பார்த்திருக்க வேண்டும். 2022இல் பரவிய குரோம்லோடர் என்ற நிரல் செய்த தந்திரம் இதுவே. திருட்டுப் படம், உடைத்த விளையாட்டு என்ற வேடத்தில் நுழைந்து, விண்டோஸின் திட்டமிட்ட பணிகள் பட்டியலில் ஒரு வேலையைப் பதிந்துவிடும். நாம் நீட்சியை நீக்குவோம்; அந்த வேலை குறித்த நேரத்தில் எழுந்து மறுபடி நட்டுவிடும். களையைக் கிள்ளினால் போதாது, கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. சித்தப்பாவின் கணினியிலும் அந்தப் பட்டியலில் ஏதோ புதுப்பிப்பு என்ற பொதுப்படையான பெயரில் ஒன்று இருந்தது. பிறகு நிறுவிய நிரல்களைத் தேதி வாரியாக அடுக்கி, அந்த வாரத்தில் வந்த இரண்டை எடுத்தேன். மேசைத்திரையில் உலாவிச் சின்னத்தின் பண்புகளைப் பார்த்தேன். நிரலின் பெயருக்குப் பின்னால் ஓர் இணைய முகவரியை ஒட்டிவிடுவது பழைய வழக்கம். ப்ராக்ஸி அமைப்பு சுத்தமாக இருந்தது. அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்கள் என்ற பட்டியலில் மட்டும் பதினான்கு பெயர்கள். மூலையில் அடிக்கடி வந்து "உங்கள் கணினியில் 5 வைரஸ்" என்று பயமுறுத்திக்கொண்டிருந்தது அவைதான். எல்லாம் முடிந்தபின் விண்டோஸோடு வரும் டிஃபென்டரை, இயங்குதளம் எழுமுன்னே பரிசோதிக்கும் ஆஃப்லைன் முறையில் ஓட்டினேன்.

"ஏன், நல்ல ஆன்டிவைரஸ் ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?" என்றார். போடலாம். ஆனால் காவலாளியையும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவாஸ்ட் தன் மென்பொருளும் உலாவி நீட்சியும் வழியாகச் சேகரித்த பயனர்களின் உலாவல் வரலாற்றை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் மூலம் விற்றது 2020 ஜனவரியில் வெளியே வந்தது. கண்காணிப்பைத் தடுப்போம் என்று சொல்லி விற்ற மென்பொருள் அது. ஜம்ப்ஷாட்டை மூடிவிட்டார்கள். 2024இல் அமெரிக்க வணிக ஆணையம் 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது.

இன்னும் ஒன்று பாக்கி. இத்தனைக்கும் தொடக்கம், தேடல் முடிவின் தலையில் இருந்த விளம்பரம். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பிரபல நிறுவனங்களின் பெயரில் போலி விளம்பரங்கள் தேடுபொறிகளில் வருகின்றன, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் பயன்படுத்துங்கள் என்று பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னது. அடுத்த ஆண்டு அக்டோபரில் கீபாஸ் என்ற கடவுச்சொல் மென்பொருளின் பெயரில் ஒரு விளம்பரம் வந்தது. விளம்பரத்தில் காட்டிய முகவரி அசலேதான். தட்டிப் போனால் திறந்த தளத்தின் முகவரியில் மட்டும், முதல் ஆங்கில எழுத்தின் காலடியில் கண்ணுக்கே தெரியாத ஒரு சிறு கொக்கி. ஒரு புள்ளி வைத்தால் எழுத்தே மாறிவிடும் மொழியில் படித்த நமக்கு இந்த வித்தை உடனே புரிய வேண்டும். ஆனால் முகவரிப் பட்டையை யார் அவ்வளவு உற்றுப் பார்க்கிறார்கள்? தமிழ்த் தட்டச்சு மென்பொருளோ எழுத்துருவோ தேடினாலும் இதே கதி. உண்மையான பதிவிறக்கப் பொத்தானைச் சுற்றி அதே தோற்றத்தில் நாலு போலிகள் நிற்கும். மென்பொருள் தேடும் நாளில் விளம்பரம் என்று குறிக்கப்பட்ட எதையும் தொடாதீர்கள் என்பதைச் சித்தப்பாவின் திரை ஓரத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசியாக அமைப்புகளுக்குப் போய் அந்த ஒற்றை வரியை மாற்றினேன். எதையும் நிறுவவில்லை; இருபது விநாடிதான் ஆனது. மூன்று புள்ளி மெனுவைத் திறந்து காட்டினேன். நிறுவனம் போயிருந்தது.

"இப்ப நான் தேடினா யாருக்கும் தெரியாதா?"

அவங்க கொடுத்த வாக்கைக் காப்பாத்தினா தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டு, விசைப்பலகையில் கை வைத்தவர் நிறுத்தினார்.

"சரி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பு."

திரும்பிக்கொண்டேன்.